நகரோடு நகர் கொண்ட நட்பு: ஐரோப்பிய இணைநகர் உறவுகள் பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பாவின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசுகளின் செயல்களையே எழுதிச் செல்வர். போர்ப் பிரகடனங்கள், உடன்படிக்கைகள், மாநாடுகள், பொருளாதாரக் கூட்டமைப்புகள் என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமைகின்றன. அவற்றின் ஓரத்திலே அடிக்குறிப்பளவில் மட்டும் இடம்பெறும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு நாட்டின் நகரம் பிறிதொரு நாட்டின் நகரத்தோடு நேரே உறவு பூண்டு, பள்ளி மாணவரையும் பாடகர் குழுக்களையும் தொழிற்சங்கத்தாரையும் உதைபந்தாட்ட அணிகளையும் பரிமாறிக்கொள்ளும் வழக்கமே அது. இதனை மாநகர முதல்வர்கள் தமக்குள் விருந்தளித்துக்கொள்ளும் சடங்கென எள்ளுவோர் ஒருபுறம். இதுவே ஐரோப்பாவுக்குச் சமாதானத்தைக் கொணர்ந்தது எனப் போற்றுவோர் மறுபுறம். இவ்விரு கூற்றுகளும் சான்றுகளை உற்றுநோக்காது எழுந்தவை என்பது எமது துணிபு. இவ்வுறவுகளுட் சில, அரசுகள் செய்யத் துணியாதவற்றைத் துணிந்து செய்தன. ஆயினும் அரசின் நிழலை முற்றாக விட்டு விலகுதல் எந்த நகரத்துக்கும் இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதற்கு இங்கிலாந்தின் கொவென்றி நகரையும் பிரான்சின் மொன்பெலியார் நகரையும் ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் இவ்வுறவுக்கு வழங்கும் பெயர்களை நோக்குதல் தகும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இதனை இரட்டைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். ஜேர்மானியர் பங்காளி நகர் என்னும் பொருள்பட வழங்குவர். ருசிய மொழியில் வழங்கும் சொல்லோ, குருதியாலன்றிச் சபதத்தால் உடன்பிறந்தார் ஆனவரைக் குறிப்பது. எந்த இரு நகரங்களும் ஒரு வயிற்றிற் பிறந்தனவல்ல. பல இணைகள் ஒன்றையொன்று எரித்த நாடுகளுக்குரியன. ஆதலின் ருசியச் சொல்லே பொருளுக்கு மிக நெருங்கியது எனத் தோன்றுகின்றது. இக்கட்டுரையில் இணைநகர் என்னும் சொல்லை ஆள்கின்றோம்.

இவ்வழக்கத்தின் பழமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவது ஜேர்மனியின் பாடர்போர்ன் நகருக்கும் பிரான்சின் லெ மான் நகருக்கும் இடையிலான உறவாகும். கி.பி. 836 இல், லெ மான் ஆயராக முற்காலத்தில் விளங்கிய புனித லிபோரியசின் திருவுடல் எச்சங்கள் பாடர்போர்னுக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, இரு திருச்சபைகளும் நிலையான சகோதர உறவு பூண்டன. இவ்வுறவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. முப்பதாண்டுப் போரின் முடிவிற் பாடர்போர்ன் ஆயராட்சி கலைக்கப்படும் அபாயம் எழுந்தபோது, அதனைக் காத்தற்கு லெ மான் திருச்சபையார் பரிந்து பேசினர். இரு மாநகரசபைகளும் முறைப்படி இணைந்தது 1967 இலாகும். எனினும் இதனை இன்றைய இணைநகர் உறவின் நேர்மூதாதை எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஈண்டு உறவு பூண்டவர் குருமாரேயன்றி நகரமாந்தர் அல்லர்.

நகரமாந்தரும் அவர்தம் சபைகளும் இத்துறையில் இறங்கியது முதலாம் உலகப்போரின் பின்னரேயாகும். வட பிரான்சின் போர்முனைப் பிரதேசத்தில் ஊர்கள் பல தரைமட்டமாகிக் கிடந்தன. 1920 இல் பிரித்தானியாவில் உதவிக் கழகம் ஒன்று தோன்றி, பிரித்தானிய நகரங்கள் அவ்வூர்களைத் தத்தெடுக்க வழிசெய்தது. இலண்டன் வெர்டனைத் தத்தெடுத்தது. பர்மிங்காம் அல்பேர்ட் என்னும் ஊரை ஏற்றது. ஷெபீல்ட் நகரார் செர் என்னும் சிற்றூரைத் தெரிவுசெய்தமைக்குத் தனிக் காரணம் உண்டு. 1916 யூலை 1 ஆம் நாள், சொம் போரின் முதல்நாட் காலையில், அந்நகரத்து இளைஞர் படைப்பிரிவு அவ்வூரின் முன்னேதான் அழிந்தது. யோர்க்சயரின் கம்பளித் தொழில் நகரான கீத்லி, புவா-து-நோர் என்னும் ஊரோடு அதே 1920 இற் பூண்ட தொடர்பை நவீன இணைநகர் உறவின் தொடக்கமாகக் கருதுவாரும் உளர். ஆயினும் தத்தெடுத்தல் என்னும் சொல்லே அவ்வுறவின் குறையையும் காட்டிவிடுகின்றது. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். அன்றியும், தோழமை நாட்டு ஊருக்கு உதவுதல் எவரையும் சங்கடப்படுத்தாத செயல். பகைநாட்டு ஊரொன்றைத் தத்தெடுக்கும் எண்ணம் அக்கழகத்தின் நோக்கத்தினுள் அடங்கவில்லை.

அவ்வெண்ணம் எழுதற்கு மற்றொரு போர் வேண்டியிருந்தது. கொவென்றியின் வரலாறு இங்குதான் முக்கியத்துவம் பெறுகின்றது.

கொவென்றி, மோட்டார் வாகனங்களும் விமான இயந்திரங்களும் செய்யும் தொழிலாளர் நகரம். தொழிற்சாலைகளும் வீடுகளும் இடைக்காலத் தெருக்களும் அங்கு நெருங்கிக் கிடந்தன. 1940 நவம்பர் 14 ஆம் நாள் இரவு தொடங்கிய ஜேர்மன் விமானத் தாக்குதல் ஏறத்தாழப் பதினொரு மணிநேரம் நீடித்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புனித மிக்கேல் பேராலயம் புறச்சுவர்களும் கோபுரமும் மட்டும் எஞ்ச எரிந்து வீழ்ந்தது. நாசிப் பிரசாரகர்கள் இந்நகரின் பெயரைக்கொண்டு, ஒரு நகரை அடியோடு அழித்தலைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்றையே ஆக்கிக்கொண்டனர். அதே ஆண்டு கிறிஸ்மஸ் நாளன்று, பேராலயத் தலைமைக் குருவான றிச்சாட் ஹவார்ட் இடிபாடுகளினின்று வானொலியிற் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை, அது எத்துணை அரிதாயினும், விலக்கிவைக்க முயல்வதாகவும், போரின் பின் இன்னும் கனிவுடைய உலகொன்றை ஆக்க முனைவதாகவும் அவர் கூறினார். இலண்டன் மீதும் பிற நகரங்கள் மீதும் இரவுதோறும் குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அப்பேச்சு அக்கணத்தில் நாட்டின் பொதுவுணர்வைப் பிரதிபலித்தது எனக் கூறுதற்கில்லை.

இரண்டாண்டுகளின் பின் வொல்கா நதிக்கரையிலே ஸ்டாலின்கிராட் எரிந்தது. 1942 ஓகஸ்ட் மாதக் குண்டுவீச்சிலிருந்து 1943 பெப்ரவரி 2 ஆம் நாள் ஜேர்மன் படை சரணடையும் வரை அந்நகரம் பட்ட பாட்டை ஈண்டு விரித்தல் வேண்டா. அவ்வெற்றியைப் போற்றிப் பிரித்தானியாவினின்று இரு பரிசுகள் சென்றன. ஒன்று, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் ஆணைப்படி செய்யப்பட்ட வாள். 1943 நவம்பரில் தெஹ்ரான் மாநாட்டின்போது சேர்ச்சில் அதனை ஸ்டாலினிடம் கையளித்தார். மற்றையது ஒரு மேசைவிரிப்பு. கொவென்றியின் 830 பெண்கள் தம் பெயர்களை அதில் நூலாற் பின்னுவித்தனர். பெரிய இரக்கத்தினுஞ் சிறிய உதவி மேலானது என்னும் கருத்துடைய வாசகம் ஒன்றும் அதிற் பொறிக்கப்பட்டது. விரிப்போடு அவர்கள் திரட்டிய பணமும் சென்றது. வாளைப்பற்றி வரலாற்று நூல்கள் பலவும் பேசுகின்றன. விரிப்பைப்பற்றிப் பேசுவன சில. ஆயினும் நிலைத்த உறவாக வளர்ந்தது விரிப்பின் வழிவந்ததே. 1944 இல் கொவென்றியும் ஸ்டாலின்கிராட்டும் இணைநகர்களாயின. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இணைப்புகளுள் இதுவே முன்னோடியாக எண்ணப்படுகின்றது. வாளும் விரிப்பும் வொல்காகிராட்டின் ஸ்டாலின்கிராட் போர் அரும்பொருளகத்திலேயே வைக்கப்பட்டுள்ளன.

இவ்விணைப்பின் தொடக்கத்தை அளவுக்கு மீறிப் புகழ்தல் தகாது. 1944 இல் சோவியத்து ஒன்றியம் பிரித்தானியாவின் நேசநாடு. அரசின் கொள்கையும் நகரத்தின் விருப்பும் ஒரே திசையிற் சென்றன. உண்மையான சோதனை அதன்பின் வந்தது. நேசம் கெடுபிடிப்போராக மாறியபோது, சோவியத்து நகரொன்றோடு நட்புக் கொண்டிருத்தல் ஐயத்துக்குரிய செயலாயிற்று. 1937 முதல் தொழிற்கட்சியின் ஆட்சியிலிருந்த கொவென்றி மாநகரசபை அவ்வுறவைக் கைவிடவில்லை. 1954 இல் ஐதரசன் குண்டுப் பரிசோதனைகள் பற்றிய செய்திகள் வெளிவந்த காலத்தில், இத்தகைய ஆயுதத்தின் முன் குடியியற் பாதுகாப்பு ஏற்பாடுகள் பயனற்றவை எனக் கூறி, அச்சபை தனது குடியியற் பாதுகாப்புக் குழுவையே கலைத்துவிட்டது. மத்திய அரசு தலையிட்டு அப்பணியைத் தானே ஏற்க நேர்ந்தது. குப்பை அகற்றலும் குடிநீரும் தெருவிளக்குமே நகரசபையின் எல்லை என எண்ணியோருக்கு இது வரம்பு மீறலாகத் தோன்றியதில் வியப்பில்லை. குண்டின் பொருளை இலண்டன் அமைச்சகங்களிலும் நன்கு அறிந்தவர் தாமே என அந்நகரத்தார் கருதியிருத்தல் கூடும்.

பகைவர் நகரோடு உறவு பூணும் முயற்சி 1947 இலேயே தொடங்கிற்று. அவ்வாண்டிற் பல பிரித்தானிய நகரங்கள் ஜேர்மனியின் பிரித்தானிய ஆட்சிப் பகுதியை நோக்கிக் கைநீட்டின. ஒக்ஸ்போர்ட் பொன் நகரோடு தொடர்புகொண்டது. பிறிஸ்டல் நகரினின்று ஐந்து பிரமுகர்கள் ஹனோவருக்குச் சென்றனர். அங்குள்ள சிறுவருக்குப் பிறிஸ்டல் காலணிகளை அனுப்ப, ஹனோவர் தன் கலைஞர்களை அனுப்பிற்று. கொடுக்கப் பொருளற்ற நகரம் இசையைக் கொடுத்தது என்பது கருதத்தக்கது. தத்தெடுத்தலின் ஒருவழிப் போக்கு இங்கு மாறத் தொடங்குகின்றது. கொவென்றி உறவு பூண்டது கீல் நகரோடு. கீல் ஒரு கடற்படைத் துறைமுகம். நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டப்பட்ட இடம். பிரித்தானிய, அமெரிக்க விமானங்களாற் பெரிதும் அழிக்கப்பட்டது. எரிந்த பேராலயத்தின் கூரைமரங்களிலிருந்து வீழ்ந்த இடைக்கால ஆணிகளாற் சிலுவை செய்யும் வழக்கம் கொவென்றியில் எழுந்திருந்தது. அத்தகைய சிலுவையொன்று கீலுக்குச் சென்றது. கீலின் புனித நிக்கலசு ஆலய இடிபாட்டினின்று ஒரு கல் கொவென்றிக்கு வந்தது. ஆணியும் கல்லும் விலைமதிப்பற்ற குப்பைகளே. இடிபாட்டைத் தவிரக் கொடுத்துக்கொள்ள அப்போது அவர்களிடம் வேறென்ன இருந்தது?

டிரெஸ்டனோடு கொண்ட உறவு இதனினும் சிக்கலானது. 1945 பெப்ரவரி 13 ஆம் நாள் இரவும் அடுத்த நாட்களிலும் பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் அந்நகரை எரித்தன. போர்க்காலப் பிரசாரமும் பின்வந்த எழுத்துகள் சிலவும் இறந்தோர் தொகையைப் பன்மடங்கு பெருக்கிக் கூறின. டிரெஸ்டன் நகரம் நியமித்த வரலாற்றாசிரியர் குழு 2010 இல் வெளியிட்ட முடிவின்படி அத்தொகை 25,000 வரையாகும். அதுவே கொவென்றியின் இழப்பிலும் பல மடங்கு பெரிது. கொவென்றிக்கு நேர்ந்ததைக் காட்டியே டிரெஸ்டனுக்கு நேர்ந்ததை நியாயப்படுத்துதல் பிரித்தானியப் பொதுமக்களிடையே எளிதாயிருந்தது. அந்நியாயத்துக்குத் தன் பெயரைக் கடனாகக் கொடுக்கக் கொவென்றி மறுத்தமையே 1959 இல் அவ்விரு நகரங்களும் இணைந்தமையின் உட்பொருள். சமாதானத்தின் பேராற் செய்யப்பட்ட செயல்களுள் இதனையே அந்நகரத்தின் தலையாய செயலாக நாம் மதிப்பிடுகின்றோம்.

அவ்விணைப்பு நிகழ்ந்தபோது டிரெஸ்டன் இருந்த கிழக்கு ஜேர்மன் அரசைப் பிரித்தானியா அங்கீகரித்திருக்கவில்லை. இராசதந்திர உறவு ஏற்பட்டது 1973 பெப்ரவரியிலேயே. நகரம் தன் அரசை முந்திக்கொண்ட காலம் பதினான்கு ஆண்டுகள். இங்கு ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தல் ஆகாது. அங்கீகாரம் கிடைக்காத கிழக்கு ஜேர்மன் அரசு, மேற்கு நாடுகளின் நகரங்களோடு ஏற்படும் ஒவ்வொரு தொடர்பையும் தன் மதிப்பை உயர்த்தும் கருவியாகக் கண்டது. டிரெஸ்டனின் அழிவை மேற்குலகின் கொடுமைக்குச் சான்றாகவும் அது ஆண்டுதோறும் எடுத்துரைத்தது. கொவென்றியாரின் நல்லெண்ணம் அவ்வரசின் பிரசாரத்துக்குத் தீனியாயிற்று என்னும் குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அன்றியும், இரு நகரங்களின் துயரையும் ஒரே தட்டில் வைத்து அழுதால், போரைத் தொடங்கியவர் யார் என்னும் வினா மெல்ல மறைந்துபோம். வார்சாவும் றொட்டர்டாமும் டிரெஸ்டனுக்கு முன்னரே எரிந்தன.

இக்குற்றச்சாட்டுகளுக்கு விடை, சொற்களில் அன்றிச் செய்த வேலையிலே கிடைக்கின்றது. 1961 இல், நாசி ஆட்சியின் குற்றங்களுக்குக் கழுவாய் தேடும் ஜேர்மன் இயக்கமொன்றைச் சேர்ந்த இளைஞர்கள் கொவென்றிக்கு வந்து, பழைய பேராலய இடிபாட்டின் ஒரு பகுதியைத் திருத்திச் சர்வதேச நிலையமாகக் கட்டிக் கொடுத்தனர். அவ்வாண்டு ஓகஸ்டிற்றான் பெர்லின் மதில் எழுந்தது. 1965 இல், கொவென்றிப் பேராலயத்தின் முயற்சியாற் பிரித்தானிய இளைஞர் குழுவொன்று மதிலுக்கு அப்பாலுள்ள டிரெஸ்டனுக்குச் சென்று, குண்டுவீச்சில் அழிந்த சமயச் சேவைப் பெண்களின் மருத்துவமனையொன்றைத் திருத்தும் பணியில் மாதக்கணக்கில் உழைத்தது. கல் சுமந்தவர்களுள் எவரும் 1945 இல் விமானம் செலுத்தும் வயதினர் அல்லர். இவ்வேலைகளை எந்த வெளிநாட்டமைச்சும் திட்டமிடவில்லை. எனினும் கிழக்கு ஜேர்மன் அதிகாரிகளின் அனுமதியின்றி ஒரு செங்கல்லையும் அங்கு நகர்த்தியிருத்தல் இயலாது.

இனி, பிரான்சும் ஜேர்மனியும் நேருக்கு நேர் நின்ற எல்லைப்புறத்தை நோக்குவோம். சுவிற்சலாந்து எல்லைக்கு அண்மையிலுள்ள மொன்பெலியார் இன்று பிரெஞ்சு நகரம். ஆனால் 1397 இல் அந்நாட்டு வாரிசான ஹென்றியெற்றாவுக்கும் வூர்ட்டெம்பேர்க் குலத்து இளவரசருக்கும் செய்யப்பட்ட மணவொப்பந்தத்தின் வழி அது ஜேர்மன் குலமொன்றின் கைக்குச் சென்று, 1793 இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை புகும் வரை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு அக்குலத்தின்கீழ் இருந்தது. அங்குள்ள புனித மார்ட்டின் ஆலயத்தைக் கட்டியவர் வூர்ட்டெம்பேர்க் கட்டடக் கலைஞரான ஷிக்ஹார்ட். விலங்கியலறிஞர் கூவியே அந்நகரிற் பிறந்து, ஸ்டுட்கார்ட்டிற் கல்வி பயின்றவர். 1950 இல், அவ்வூர்ட்டெம்பேர்க் குலத்தின் அரண்மனை நகரான லுட்விக்ஸ்புர்க்கோடு மொன்பெலியார் கைகோத்தபோது, இப்பழைய உறவு நினைவுகூரப்பட்டது இயல்பே.

ஆனால் நான்கு நூற்றாண்டுப் பழமை மட்டும் ஒரு நட்பை உண்டாக்காது. அப்போது மொன்பெலியாரின் நகரபிதாவாக இருந்தவர் லூசியன் தராதான். ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து இரகசியமாகப் போராடியமைக்காகப் பூகன்வால்ட் சித்திரவதை முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பி மீண்டவர் அவர். போர் முடிந்து ஐந்தாண்டுகளே கழிந்த நிலையில், ஜேர்மன் நகரபிதாவொருவரின் கையைப் பற்றுதல் எத்தகையது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். முகாமின் துயரை அனுபவியாத ஒருவர் அச்செயலைச் செய்திருப்பின், ஊரார் அதனை ஏற்றிருப்பரோ என்பது ஐயமே. இத்தகைய நகரபிதாக்களைச் சந்திக்கவைத்தவர்கள் சுவிற்சலாந்து எழுத்தாளர் சிலர். ஹான்ஸ் ஸ்பிண்டன், ஒய்கேன் வைலர் ஆகியோரின் முன்முயற்சியால் 1948 இல் பிரெஞ்சு, ஜேர்மன் நகரபிதாக்களின் சந்திப்புகள் தொடங்கின. நடுநிலை நாட்டில் நிகழ்ந்தமையால், யார் யாரிடம் முதலிற் செல்வது என்னும் கௌரவப் பிரச்சினை எழவில்லை. இச்சிறு உபாயத்துக்கு வரலாற்றாசிரியர் உரிய இடம் அளித்திலர் என்பது எமது கருத்து.

மொன்பெலியாரும் லுட்விக்ஸ்புர்க்கும் முறைப்படி ஒப்பமிட்டது 1962 இல். அதே ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள், பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டி கோல், லுட்விக்ஸ்புர்க் அரண்மனை முற்றத்தில் ஜேர்மன் இளைஞரை நோக்கி ஜேர்மன் மொழியிலேயே உரையாற்றினார். 1963 சனவரி 22 இல் எலிசே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வேளையில் இரு நாடுகளுக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட இணைநகர் உறவுகள் ஏற்கெனவே நிலவின. இன்று அவை இரண்டாயிரத்தைக் கடந்துள்ளன. உடன்படிக்கையே நட்பைத் தோற்றுவித்தது எனப் பாடநூல்கள் கூறுவது கால வரிசைக்கே முரணானது. ஆயினும் உடன்படிக்கையின் வழி அமைந்த இளைஞர் பணியகத்தின் பணமின்றி, நூறு ஆயிரங்களாகப் பெருகியிராது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அரசுகள் இவ்வுறவுகளை எப்போதும் வாழ்த்தி நின்றனவென எண்ணுதல் தவறு. 1951 இல் ஜெனீவாவில் ஐரோப்பிய நகராட்சிகளின் பேரவை தோன்றிற்று. மேற்கு ஐரோப்பாவின் ஐக்கியமே அதன் குறி. 1957 இல் பிரான்சின் எக்ஸ்-லெ-பேன் நகரிலே தோன்றிய இணைநகர்களின் உலகக் கூட்டமைப்போ கிழக்கையும் மேற்கையும் இணைக்க முனைந்தது. ஒன்றையொன்று ஐயுற்ற இவ்விரு நிறுவனங்களின் போட்டி, நட்பின் பெயரால் நிகழ்ந்த சிறு கெடுபிடிப்போர் எனலாம். 1956 இல் பிரெஞ்சு அரசு, பிறநாட்டு நகரோடு இணைய விரும்பும் உள்ளூராட்சிகளைக் கண்காணிக்க ஆணையொன்றைப் பிறப்பித்தது. பொதுவுடைமைக் கட்சியினர் ஆண்ட பிரெஞ்சு நகரசபைகள் கிழக்கு ஜேர்மன் நகரங்களோடு உறவு பூணுதல் அரசுக்கு உவப்பாயில்லை; மேற்கு ஜேர்மன் அரசுக்கோ அது பெரும் எரிச்சல். அதே 1956 இல் பாரிசும் உரோமும் தமக்கு ஒருவரையன்றி இணை பிறரில்லை எனக்கூறி இணைந்தன. அது எவரையும் எரிச்சலூட்டவில்லை. அதனாற் பெரிதாக எதுவும் விளையவுமில்லை.

இரு ஜேர்மனிகளுக்கிடையே இணைநகர் உறவு முதன்முதலில் ஏற்பட்டது 1986 இலேயே. மேற்கின் சார்லூயியும் கிழக்கின் ஐசன்ஹூட்டன்ஸ்டாட்டும் அவ்வாறு இணைந்தன. கிழக்கு ஜேர்மன் தலைவர் ஹொனெக்கர் சார்லூயி அமைந்துள்ள சார்லாந்திற் பிறந்தவர் என்பது இத்தெரிவில் ஒரு பங்கு வகித்தது. ஒரே மொழி பேசும் இரு நகரங்கள் பிற நாட்டு நகரங்களுக்குப் பின்னரே இணைய முடிந்தது. ஐசன்ஹூட்டன்ஸ்டாட் முன்னர் ஸ்டாலின்ஸ்டாட் எனப் பெயர்பெற்றிருந்தது. அது பெயர் மாறிய 1961 ஆம் ஆண்டிலேதான் ஸ்டாலின்கிராட்டும் வொல்காகிராட் ஆயிற்று. நகரங்களின் பெயர்களும் நகரத்தாரைக் கேட்டு வைக்கப்பட்டனவல்ல.

மதில் வீழ்ந்தபின் டிரெஸ்டன் உறவு புதிய வேகம் பெற்றது. இடிபாடாகவே விடப்பட்டிருந்த அன்னைமரி ஆலயத்தை மீளக்கட்டும் பணியிற் பிரித்தானியரும் பொருள் திரட்டினர். அவ்வாலயத்தின் உச்சிச் சிலுவையைச் செய்த இலண்டன் பொற்கொல்லரின் தந்தை, 1945 இல் அந்நகர்மீது குண்டுவீசிய விமானமொன்றைச் செலுத்தியவர். சிலுவை 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கையளிக்கப்பட்டது. ஆலயம் 2005 ஒக்ரோபர் 30 இல் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது.

வொல்காகிராட் உறவின் கதை வேறுவகையாயிற்று. 1956 இல் ஹங்கேரியிலும் 1968 இற் பிராக்கிலும் சோவியத்துப் படைகள் புகுந்தபோதும், 1979 இன் ஆப்கானிஸ்தான் படையெடுப்பின்போதும் முறியாது நின்ற அவ்வுறவை, ருசியப் படை உக்ரெயினுட் புகுந்த 2022 ஆம் ஆண்டிற் கொவென்றி மாநகரசபை தானே இடைநிறுத்தியது. விரிப்பிற் பெயர் பொறித்த 830 பெண்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் வாழும் நகரம் அது. கீலோடும் டிரெஸ்டனோடும் அது கொண்ட உறவுகள் தொடர்ந்து நிலவுகின்றன.